ரிமோட் காரின் சக்கரம் கழலாமல் இருக்க: காவிரி டெல்டாவில் ஓட்டுகிறவர்களுக்கான கேள்வி பதில்

ரிமோட் கார் வாங்கியவர்கள் முதலில் சந்திக்கும் தொல்லை சக்கரம் கழல்வதுதான். நட்டு எங்கோ விழுந்திருக்கும், சக்கரம் வேறெங்கோ உருண்டிருக்கும், கார் மூன்று காலில் நின்றுகொண்டிருக்கும். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கங்களில் வயலிலும் ஆற்று மணலிலும் களத்திலும் ஓட்டுகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சக்கரத்தை உண்மையில் பிடித்திருப்பது எது?

மாட்டு வண்டியில் சக்கரம் அச்சின் மேல் தானாகச் சுற்றும். அது வெளியே வந்துவிடாமல் கடையாணி தடுக்கும். ரிமோட் காரில் அச்சே சுற்றிச் சக்கரத்தையும் சுற்ற வைக்க வேண்டும். ஆகவே இங்கே வேலை இரண்டு. அச்சில் குறுக்காக ஒரு துளை இருக்கும், அதில் ஒரு சிறிய எஃகுப் பின் நுழையும். அந்தப் பின்னின் மேல் ஆறு பக்கம் கொண்ட ஒரு துண்டு உட்காரும். கடைக்காரர்கள் இதை ஹெக்ஸ் என்பார்கள். ரிம்மின் உட்புறத்தில் இதே வடிவத்தில் ஒரு குழி உண்டு. சுழற்சி அச்சிலிருந்து பின்னுக்கும், பின்னிலிருந்து ஹெக்ஸுக்கும், ஹெக்ஸிலிருந்து ரிம்முக்கும் போகிறது. வெளியே இருக்கும் நட்டு இவை அனைத்தையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். சக்கரம் கழன்றால் எல்லோரும் நட்டைத்தான் திட்டுகிறார்கள். பெரும்பாலும் குற்றம் அதற்குப் பின்னால் இருக்கிறது: பின் தேய்ந்திருக்கும், ஹெக்ஸ் ஆடும், அல்லது ரிம்மின் குழி அகன்றிருக்கும். உள்ளே ஆட்டம் இருக்கும்வரை எந்த நட்டும் நிலைக்காது.

சுழலும் வேகத்தையும் நினைத்துப் பாருங்கள். 65 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஓடினால் நொடிக்கு ஏறத்தாழ 54 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு சிறு அசைவு என்றாலும் ஒரு நிமிடத்தில் மூவாயிரத்துக்கு மேல்.

என் காருக்கு எந்த அளவு ஹெக்ஸ், எந்த நட்டு?

1/10 அளவுக் கார்களில், அதாவது உண்மைக் காரின் பத்தில் ஒரு பங்கு அளவுள்ளவற்றில், பெரும்பாலும் 12 மி.மீ. ஹெக்ஸ், எம் 4 நட்டு. எம் 4 என்றால் 4 மி.மீ. விட்டமுள்ள மரை, நட்டைத் திருக 7 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர். டாமியா நிறுவனத்தின் 1/10 கார்கள் பலவும் இந்த வகைதான். அதே அளவில் கனமான சில டிரக்குகளில் எம் 5 நட்டும் 8 மி.மீ. ஸ்பேனரும் தேவைப்படும். 1/8 அளவு பக்கிகளில் (கரடுமுரடான மண்ணில் ஓடும் கார்) 17 மி.மீ. ஹெக்ஸ், அதற்கு எம் 12 அளவில் பெரிய நட்டு. 1/24 அளவுக் குட்டி கிராலர்களில் (பாறைகளில் மெதுவாக ஏறும் கார்) 7 மி.மீ. ஹெக்ஸ்.

ஹெக்ஸின் அளவை மூலைக்கு மூலை எடுக்கக் கூடாது. எதிரெதிர் தட்டைப் பக்கங்களுக்கு இடையே வெர்னியர் காலிப்பர் வைத்து அளக்க வேண்டும்.

17 மி.மீ. வகையில் ஓர் எச்சரிக்கை. எம் 12 நட்டுகள் 1 மி.மீ. மரை இடைவெளியிலும் 1.25 மி.மீ. மரை இடைவெளியிலும் வருகின்றன. பார்வைக்கு வேறுபாடு தெரியாது. ஸ்பேனர் போடும் முன் கையால் திருகிப் பாருங்கள். இரண்டு சுற்றுக்குள் இறுகினால் அது உங்கள் காருக்கான நட்டு அல்ல. வலுக்கட்டாயமாகத் திருகினால் மரை நாசமாகும்.

எவ்வளவு இறுக்க வேண்டும்?

ரிம் ஹெக்ஸின் மேல் முழுதாக உட்கார்ந்து, நட்டு ரிம்மைத் தொட்ட பிறகு இன்னும் கொஞ்சம். கைப்பிடி குட்டையான ஸ்பேனரில் விரல்களின் வலுவே போதும். நீளமான கைப்பிடி போட்டு முழங்கை வலுவைக் காட்டினால் பிளாஸ்டிக் ரிம் நசுங்கும். நசுங்கிய பிளாஸ்டிக் சில நாளில் மேலும் தளர்ந்து கொடுக்கும், நட்டு தானாக இளகும். அதிகம் இறுக்கினால் அதிகப் பாதுகாப்பு என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள்.

இறுக்கிய பிறகு இரண்டைப் பாருங்கள். நட்டு இளகாமல் பூட்ட அதன் உள்ளே ஒரு நைலான் வளையம் உண்டு; அச்சின் மரை அந்த வளையத்தைத் தாண்டி ஒன்றிரண்டு மரையாவது வெளியே தெரிய வேண்டும். சக்கரம் கையால் தட்டினால் முன்பு சுற்றியது போலவே சுற்ற வேண்டும். இறுக்கியதும் சுற்ற மறுத்தால் ஹெக்ஸைத் திருப்பிப் போட்டிருக்கலாம், அல்லது பின் ஹெக்ஸின் பள்ளத்தில் உட்காராமல் மேலே ஏறி நிற்கலாம், அல்லது பேரிங்குக்கு அருகே இருந்த மெல்லிய வாஷர் தொலைந்திருக்கலாம்.

இறுக்கித்தான் ஓட்டுகிறேன், ஆனாலும் கழல்கிறது. ஏன்?

இது எல்லோரும் கேட்கும் கேள்வி. காரணங்களை நான் தேடும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் நட்டின் நைலான் வளையம். புது நட்டைக் கையால் திருகினால் பாதி வழியில் நின்றுவிட வேண்டும், மீதிக்கு ஸ்பேனர் தேவைப்பட வேண்டும். கடைசி வரை விரலாலேயே திருக முடிந்தால் வளையம் செத்துவிட்டது. யோசிக்காமல் மாற்றுங்கள்.

அடுத்தது மரை எட்டாமை. தடிமனான ஹெக்ஸோ வேறு ரிம்மோ மாற்றியவர்களுக்கு இது அடிக்கடி நேரும். ரிம் வெளியே தள்ளி நிற்பதால் அச்சின் மரை நைலானைத் தொடுவதே இல்லை. பார்த்தால் நட்டு இறுகியது போல இருக்கும், பூட்டு மட்டும் வேலை செய்யாது. மெல்லிய ஹெக்ஸ் போடுவதுதான் வழி.

மூன்றாவது, ஹெக்ஸுக்கும் ரிம்முக்கும் இடையே ஆட்டம். நட்டைக் கழற்றிவிட்டு ரிம்மை ஹெக்ஸில் மாட்டி இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவு ஆடினால் ரிம்தான் குற்றவாளி. வேகம் எடுக்கும்போது ரிம் ஒரு பக்கம் தட்டும், பிரேக் பிடிக்கும்போது மறுபக்கம் தட்டும். வழக்கமான வலமரையில், வலப்பக்கச் சக்கரத்தை முடுக்கமும் இடப்பக்கச் சக்கரத்தை பிரேக்கும் தளர்த்தப் பார்க்கும். ஆக எந்தப் பக்கமும் தப்பாது.

நான்காவது, இரண்டு பரப்புகளுக்கு நடுவே மணலோ களிமண்ணோ இருக்கும்போது இறுக்குவது. நீங்கள் அழுத்துவது மண்ணைத்தான். ஓட ஓட அது பொடியாகி வெளியேறும், இறுக்கமும் அதோடு போகும். எம் 4 நட்டு ஒரு முழுச் சுற்றுக்கு 0.7 மி.மீ. மட்டுமே நகர்கிறது. அரைச் சுற்று இளகினாலே சக்கரம் தள்ளாட ஆரம்பித்துவிடும் என்பதை இந்தக் கணக்கே சொல்லும்.

புது ரிம் என்றால் முதல் பேட்டரி தீர்ந்ததும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள். பிளாஸ்டிக் அமுங்கி இடம் பிடிக்கும். அதற்குப் பிறகுதான் இறுக்கம் நிலைக்கும்.

எப்போதும் முன்பக்க இடச் சக்கரம்தான் கழல்கிறது. என்ன பொருள்?

பின்சக்கர இயக்கமுள்ள சில கார்களில் முன்சக்கரத்துக்கு ஹெக்ஸ் கிடையாது. பேரிங் ரிம்முக்குள்ளேயே இருக்கும், சக்கரம் அச்சின் மேல் சுதந்திரமாகச் சுற்றும். அந்தப் பேரிங் துருப்பிடித்தோ மணல் நிறைந்தோ இறுகினால், சுற்றும் சக்கரம் நட்டையும் தன்னோடு இழுக்கும். கார் முன்னோக்கிப் போகும்போது இடப்பக்கச் சக்கரம், வெளியிலிருந்து பார்த்தால், கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். சாதாரண மரை கழலும் திசையும் அதுவே. வலப்பக்கம் இதற்கு நேர்மாறாக நட்டு மேலும் இறுகிப் பேரிங்கை நெரிக்கும். எனவே இடது முன்சக்கரம் திரும்பத் திரும்பக் கழன்றால் புது நட்டு வாங்கும் முன் பேரிங்கைக் கழற்றி விரலில் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றால் மாற்றுங்கள். மாற்றிய பிறகு நட்டைச் சக்கரம் தடையில்லாமல் சுற்றும் அளவுக்கு மட்டும் இறுக்கினால் போதும்.

லாக்டைட் போடலாமா?

லாக்டைட் என்பது மரை இளகாமல் பூட்டும் பசை. உலோகமும் உலோகமும் சேரும் இடத்தில் போடலாம், அதுவும் நீல நிறம் மட்டும். இந்த வகைப் பசை காற்று படாத இடத்தில் உலோகத்தைத் தொட்டு இறுகுவது. நீலம் நடுத்தர வலு, சாதாரண ஸ்பேனரால் கழற்றலாம். சிவப்பு வேண்டவே வேண்டாம். அதை இளக்க ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸ் சூடு தேவை. அந்தச் சூட்டில் உங்கள் ரிம், பேரிங் பிடி எல்லாம் உருகிவிடும்.

நைலான் வளையமுள்ள நட்டுக்குப் பசை தேவையில்லை. 17 மி.மீ. ஹெக்ஸை அச்சில் பிடிக்கும் சிறு தலையில்லாத் திருகுக்குத்தான் அது அவசியம். எண்ணெய்ப் பிசுக்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, ஒரு குண்டூசித் தலை அளவு தடவி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். பாலிகார்பனேட் பாடியிலோ ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் பாகங்களிலோ பட்டால் நுண்ணிய விரிசல் விடும், எச்சரிக்கை.

ஸ்பிரிங் வாஷர் போட்டால்?

பயனில்லை. பிளாஸ்டிக் ரிம்மைக் கீறும். அதற்குப் பதில் அடியில் பற்கள் வெட்டிய விளிம்பு நட்டு வாங்குங்கள். அந்தப் பற்கள் பிளாஸ்டிக்கில் பதிந்து பிடிக்கும்.

நைலாக் நட்டு நம் ஊரில் கிடைக்குமா?

நைலாக் என்பது மேலே சொன்ன நைலான் வளையமுள்ள நட்டுதான். எம் 4 நைலாக் நட்டு ஊர் ஹார்டுவேர் கடைகளில் கேட்டாலே கிடைக்கும் பொருள். கையோடு பழைய நட்டையும் கொண்டுபோய் மரை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எம் 12 சக்கர நட்டு மட்டும் ரிமோட் கார் உதிரி பாகம் விற்கும் இடத்திலிருந்துதான் வரவழைக்க வேண்டும். விலை அற்பம்; ஒரு நட்டைப் பலமுறை பயன்படுத்திச் சிக்கனம் செய்ய வேண்டிய பொருளே அல்ல.

நம் ஊர் மண்ணில் ஓட்டும்போது தனியாக எதைக் கவனிக்க வேண்டும்?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இது இருக்காது.

வயலை எடுத்துக்கொள்வோம். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்த வயல் பக்கி ஓட்ட நல்ல இடம். ஆனால் டெல்டாவின் வண்டல் களிமண்ணில் கொஞ்சம் ஈரம் இருந்தால்கூட அது ரிம்மின் உட்புறத்தில் அப்பிக்கொள்ளும். ஒரு பக்கமாக அப்பிக் காய்ந்த மண் சக்கரத்தின் சமநிலையைக் கெடுக்கும், வேகம் எடுத்ததும் கார் முழுவதும் அதிரும், அந்த அதிர்வே நட்டைத் தளர்த்தும். கார் திடீரென்று நடுங்கினால் நிறுத்தி, ரிம்மின் உள்ளே விரலை விட்டுச் சுரண்டுங்கள். இன்னொரு எதிரி அறுத்த தாளும் வைக்கோலும். ஓர் இழை வைக்கோல் சக்கரத்துக்கும் பேரிங்குக்கும் நடுவே அச்சில் சுற்றிக்கொண்டால் கயிறு போல இறுகி, பேரிங்கின் மூடியைக் கிழிக்கும். சக்கரத்தைக் கழற்றாமல் அது கண்ணில் படாது. ஊசி மூக்கு இடுக்கியால் உருவி எடுக்கலாம்.

வயலைப் பற்றி இன்னொரு வார்த்தை. நெல் அறுப்பதற்குச் சில நாள் முன்பே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவது நம் பக்கத்து வழக்கம். வெறும் தாள் நிற்கும் வயலாகத் தோன்றும், குனிந்து பார்த்தால் இரண்டு இலை விட்ட கன்றுகள் இருக்கும். வயல்காரரிடம் கேட்காமல் காரை இறக்காதீர்கள்.

ஆற்று மணல் வேறு விதம். கோடையில் வெண்ணாறு, குடமுருட்டி, கொள்ளிடம் மணற்பரப்பில் ஓட்ட யாருக்கும் ஆசை வரும். காய்ந்த மணல் ஒட்டாது. ஆனால் ஹெக்ஸுக்கும் ரிம்முக்கும் நடுவே புகுந்து உப்புத்தாள் போலத் தேய்க்கும். மணலில் ஓட்டிய ஒவ்வொரு முறையும் நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பிரஷ்ஷால் துடையுங்கள், கழுவ வேண்டியதில்லை. மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதி திறப்பதுதான் வழக்கம் என்றாலும், நீர் வரத்தைப் பொறுத்து அது மாறும். ஆற்றில் தண்ணீர் விடும் அறிவிப்பு வந்துவிட்டதா என்று தெரிந்துகொண்ட பிறகே மணலில் இறங்குங்கள்.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடிக் கடற்கரையில் ஓட்டுகிறவர்களுக்கு உப்புதான் கவலை. எஃகு நட்டும் பின்னும் சில நாளிலேயே துருப்பிடிக்கும். துருப்பிடித்த நட்டு இறுகியது போல நடிக்கும், உண்மையில் மரை அரிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வந்ததும் பேட்டரியைக் கழற்றி, அச்சுப் பகுதியை நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைத்து, உலர்த்தி, பேரிங்குக்கு ஒரு துளி மெல்லிய எண்ணெய் விடுங்கள். எஃகு நட்டுகளைத் தேய்மானப் பொருளாகக் கருதி அடிக்கடி மாற்றுவதே என் யோசனை.

சிமென்ட் களத்தில் மண் தொல்லை இல்லை. அங்கே டயருக்குப் பிடிமானம் அதிகம், அதனால் பின்னும் ஹெக்ஸும் அதிகச் சுமை தாங்கும். நெல் காயும் நாள்களில் களத்துப் பக்கம் போகாதீர்கள்.

சக்கரத்தைக் கழற்றும்போது பின் மணலில் விழுந்துவிட்டது!

முதலில் காரை நகர்த்தாதீர்கள். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு பாலிதீன் பைக்குள் போட்டு, விழுந்த இடத்தின் மேல் மெதுவாக இழுங்கள். பின் எஃகு என்பதால் ஒட்டிக்கொள்ளும். ஆற்று மணலிலுள்ள கருப்பு இரும்புத் துகளும் கூடவே ஒட்டும். பையைத் திருப்பினால் துகள் உதிர்ந்துவிடும்.

கிடைக்கவில்லை என்றால் சைக்கிள் கடைதான் கைகொடுக்கும். 1/10 காரில் பின் பெரும்பாலும் 2 மி.மீ. தடிமன், 10 மி.மீ. நீளம். 14 கேஜ் சைக்கிள் கம்பியும் 2 மி.மீ. தடிமன்தான். ஒரு பழைய கம்பியை வெர்னியரில் அளந்து, 10 மி.மீ. வெட்டி, முனையை அரத்தால் தேய்த்தால் அன்றைய ஓட்டம் நடக்கும். அசல் பின் கடினமாக்கப்பட்ட எஃகு. சைக்கிள் கம்பி மென்மையானது, வேகமான காரில் வளைந்துவிடும். வீடு திரும்பியதும் சரியான பின்னை வரவழையுங்கள். ஆணியை வெட்டிப் போடுவது இன்னும் மோசம், அது ஒரே முடுக்கத்தில் வளையும்.

இனி விழாமல் இருக்க, பின்னின் மேல் துளி கிரீஸ் வைத்து மாட்டுங்கள். அல்லது அச்சை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் வகை அலுமினிய ஹெக்ஸ் போடுங்கள். அலுமினிய ஹெக்ஸின் உண்மையான பயன் இதுதான். ரிம்மின் தேய்மானத்தை அது குறைத்துவிடாது. தேய்வது பிளாஸ்டிக் பக்கம்.

நட்டு இறுக்கமாக இருக்கிறது, சக்கரம் மட்டும் ஆடுகிறது.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். அசைவில் அச்சும் சேர்ந்து ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. அச்சு அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் ஹெக்ஸ் அல்லது ரிம். சுற்றும்போது மட்டும் தள்ளாடினால் அச்சு வளைந்திருக்கும், அல்லது ரிம் கோணலாக உட்கார்ந்திருக்கும்.

மோட்டார் ஓடுகிறது, கடகடவென்று சத்தம் வருகிறது, வண்டி நகரவில்லை.

ரிம்மின் ஆறு மூலைகளும் மழுங்கி, உள்ளே வட்டமாகிவிட்டது. நட்டு தளர்ந்த நிலையிலேயே ஓட்டியதன் விளைவு. எப்பாக்ஸி வைத்து நிரப்பும் வழி சிலர் சொல்வதுண்டு. நடுவம் தப்பிச் சக்கரம் தள்ளாடும். ரிம்மை மாற்றுங்கள். பின் உடைந்திருந்தாலும் இதே அறிகுறிதான் என்பதால் அதையும் பாருங்கள்.

அச்சின் மரை போய்விட்டது. காப்பாற்ற முடியுமா?

முதல் இரண்டு மரை மட்டும் சிதைந்திருந்தால் லேத் பட்டறையில் எம் 4, 0.7 மி.மீ. இடைவெளியுள்ள மரை வெட்டும் டை வைத்து ஓட்டித் தருவார்கள். அதற்கு மேல் போயிருந்தால் புது அச்சு. இந்த நிலை வராமலிருக்க ஒரு பழக்கம் போதும்: நட்டை வைத்ததும் முதலில் பின்னோக்கித் திருப்புங்கள். மரை மரையில் விழும்போது விரலுக்கு ஒரு சிறு துள்ளல் தெரியும். அங்கிருந்து முன்னோக்கித் திருகினால் மரை குறுக்கே ஏறவே ஏறாது.

ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஸ்பேனர் போட வேண்டுமா?

வேண்டாம். சரியாக இறுக்கிய பிறகு, நட்டிலிருந்து அச்சு முனைக்கு நெயில் பாலிஷால் ஒரு கோடு போடுங்கள். சிவப்பு நன்றாகத் தெரியும். கோடு நேராக இருந்தால் நட்டு நகரவில்லை. முறிந்து விலகியிருந்தால் நகர்ந்திருக்கிறது. குனிந்து பார்க்க நான்கு நொடி ஆகும். முறிந்த கோட்டைப் பார்த்ததும் வெறுமனே இறுக்கிவிட்டு ஓட்டாதீர்கள், மேலே சொன்ன காரணங்களைத் தேடுங்கள்.

கழன்ற சக்கரம் ஆளை அடிக்குமா?

அடிக்கும். அது காரின் வேகத்திலேயே வரும், பெரிய கார் என்றால் கனமாகவும் இருக்கும். சிறுவர்களை ஓட்டுகிறவருக்குப் பின்னால் நிறுத்துங்கள். பஸ் போகும் சாலையில் ஓட்டாதீர்கள். சக்கரத்தில் கை வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ரிமோட்டை யாராவது அழுத்தினால் விரல் போகும்.

டயர் மட்டும் ரிம்மிலிருந்து பிரிகிறது.

ரிம், டயர் இரண்டின் விளிம்பையும் ஆல்கஹாலால் துடைத்து, ஃபெவிக்விக் போன்ற பசையைச் சிறுசிறு துளியாகச் சுற்றிலும் விடுங்கள். பிசுக்கு இருந்தால் ஒட்டாது.

திருவிழாக் கடையில் வாங்கிய பொம்மைக் கார். இதில் நட்டே இல்லையே?

அதில் ஒரு சிறிய ஸ்க்ரூ பிளாஸ்டிக் அச்சுக்குள் நேரடியாக இறங்கியிருக்கும். பலமுறை கழற்றி மாட்டினால் பிளாஸ்டிக்கில் வெட்டிய மரை அழிந்துவிடும். ஸ்க்ரூவின் தலை சிறியதாக இருந்தால் அகலமான வாஷர் ஒன்று சேருங்கள். துளை தளர்ந்திருந்தால் அதே தடிமனில் இரண்டு மூன்று மி.மீ. நீளமான ஸ்க்ரூ போட்டுப் பாருங்கள். அடியிலுள்ள புதுப் பிளாஸ்டிக்கை அது பிடிக்கும். தடிமனான ஸ்க்ரூவை மட்டும் போடாதீர்கள், அச்சு நெடுக்காகப் பிளந்துவிடும். அச்சு ஏற்கெனவே பிளந்திருந்தால், மெல்லிய செம்புக் கம்பியை அதன் மேல் நெருக்கமாகச் சுற்றி, ஒரு துளி ஃபெவிக்விக் விட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு ஸ்க்ரூவை மெதுவாக இறக்குங்கள்.